புதிய 38ஆம் டிவிஷன்: உப்பு வரிப் படையிலிருந்து சாங்சுன் வரை

இழையைத் தொடங்கிய கேள்வி: பிப்ரவரி 6, 2022

இரண்டாம் உலகப் போரில் சீனக் காலாட்படை உருப்படியாகச் சண்டை போட்டது என்றால் அது இந்தியாவில் இருந்த ராம்கர் பயிற்சி முகாமுக்குப் பிறகுதான். அமெரிக்கர்கள் சோறு போட்டு, துப்பாக்கி கொடுத்து, சொல்லிக்கொடுத்த பின்தான் அது படை ஆனது. அதற்கு முன் பர்மாவில் ஓடியது மட்டும்தான் மிச்சம். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கவும்.

பிப்ரவரி 6, இரவு

மறுக்கிறேன். புதிய 38ஆம் டிவிஷன் என்ற ஒரே படை போதும்.

அந்த டிவிஷன் ராம்கருக்கு வந்தது 1942இன் கோடை கழிந்த பிறகு. அதன் 113ஆம் ரெஜிமென்ட் யெனங்யாவுங் எண்ணெய் வயலில் ஜப்பானியரைத் தாக்கியது அதே ஆண்டு ஏப்ரல் 18, 19 தேதிகளில். அமெரிக்கப் பயிற்சி அவர்களுக்கு அப்போது தொடங்கவே இல்லை.

நிலவரம் இது. ஐராவதிக் கரையில் இருக்கும் அந்த எண்ணெய் வயலை, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று பிரிட்டிஷார் ஏப்ரல் 15ஆம் தேதியே கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். பின்வாங்கி வந்த 1ஆம் பர்மா டிவிஷன் அந்தப் புகைக்கும் நெருப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஜப்பானின் 33ஆம் டிவிஷனைச் சேர்ந்த 214ஆம் ரெஜிமென்ட் முந்திக்கொண்டு வந்து, வடக்கே பின் சாவுங் ஆற்றுத் துறையை அடைத்துவிட்டது. சித்திரை வெயில். குடிக்கத் தண்ணீர் கிடையாது. உள்ளே பிரிட்டிஷ், இந்திய, கூர்க்கா, பர்மியச் சிப்பாய்கள்.

உதவிக்கு வந்தது ஒரே ஒரு சீன ரெஜிமென்ட், ஏறத்தாழ 1,100 பேர். தலைவர் லியூ ஃபாங்வூ. ஒரு ரெஜிமென்ட்தானே போகிறது என்று மாண்டலேயில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் டிவிஷன் தலைவர் சுன் லிஜென் தானே கூட வந்தார். பர்மா கோரின் தலைவர் ஸ்லிம் என்ன செய்தார் தெரியுமா? தன்னிடமிருந்த பிரிட்டிஷ் டாங்கிகளையும் பீரங்கிகளையும் அந்தத் தாக்குதலுக்காக சுன் கையில் ஒப்படைத்தார். பிரிட்டிஷ் டாங்கிகள் ஒரு சீன ஜெனரலின் உத்தரவுக்குக் கீழே! ஓடுகிற படையிடம் யாரும் அப்படி ஒப்படைக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 7

"ஆயிரம் சீனர் ஏழாயிரம் பிரிட்டிஷாரை மீட்டார்கள்" என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். என் பக்கத்துக்கு வலு சேர்க்க வந்த வாதம்தான். ஆனாலும் அப்படியே விட முடியாது.

நடந்தது இன்னும் சிக்கலானது. 18ஆம் தேதி 113ஆம் ரெஜிமென்ட் ஆற்றின் வடகரையைத் துடைத்தது. 19ஆம் தேதி ஆற்றைத் தாண்டித் தெற்கே தாக்க வேண்டும். காலையில் என்று சொன்ன தாக்குதல் தள்ளித் தள்ளிப் போயிற்று. உள்ளே இருந்தவர்களால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. வண்டிகளையும் பீரங்கிகளையும் விட்டுவிட்டு, கிழக்கே ஒரு மண்பாதை வழியாகப் பெரும்பகுதியினர் தாங்களாகவே வெளியேறினார்கள். தூக்கிவர முடியாத காயம்பட்டவர்கள் வண்டிகளிலேயே விடப்பட்டார்கள். அவர்கள் கதி கொடூரமானது. சீனர் அதன் பிறகு வயலுக்குள் புகுந்து, பிடிபட்டிருந்தவர்களிலும் காயம்பட்டவர்களிலும் சுமார் 200 பேரை மீட்டார்கள்.

அப்படியென்றால் மீட்பே இல்லையா? உண்டு. வடக்கே அந்த அழுத்தம் இல்லாதிருந்தால் கிழக்கே பாதை திறந்திருக்காது. 214ஆம் ரெஜிமென்டுக்குக் கை இரண்டுதான். ஒரு கை வடக்கே மாட்டிக்கொண்டதால்தான் மறு கை தளர்ந்தது. பிரிட்டிஷ் தரப்பு நூல்கள் முதல் பாதியை அழுத்தமாகச் சொல்லும், சீனத் தரப்பு இரண்டாம் பாதியை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த இரண்டு நாள் புரியும்.

பிப்ரவரி 7, கொஞ்சம் கழித்து

விட்டுப்போனது: 1992இல் சிகாகோவில் மார்கரெட் தாட்சர், முதியவராகிவிட்ட லியூ ஃபாங்வூவைச் சந்தித்து நன்றி சொன்னார். போர் முடிந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து.

பிப்ரவரி 9

"இப்படி ஒரு படை திடீரென்று எங்கிருந்து வந்தது" என்ற கேள்விக்கு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அது ராணுவமாகவே பிறக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் சீன நிதியமைச்சர் டி.வி. சூங், தன் அமைச்சகத்துக்கென்று ஒரு படை வைத்திருந்தார். பெயர் வரிக் காவல் படை. வேலை, உப்பு வரியைக் காப்பது, உப்புக் கடத்தலைத் தடுப்பது. உப்பு வரி அந்த நாளில் அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. எனவே பணம் இருந்தது. பணம் இருந்ததால் நல்ல ஆயுதம், நேரத்துக்குச் சம்பளம், வெளிநாட்டில் படித்த அதிகாரிகள்.

சுன் அப்படி வந்தவர். 1900இல் அன்ஹுயில் பிறந்தவர், சிங்ஹுவாவில் படித்து, அமெரிக்காவில் பர்டூவில் கட்டடப் பொறியியல் முடித்து, பிறகு வர்ஜீனியா ராணுவக் கழகத்தில் 1927இல் பட்டம் பெற்றார். சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் சொந்த வாம்போவா ராணுவப் பள்ளி வழியாக வராதவர். இந்த ஒன்று அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. பிறகு வருகிறேன்.

வரிக் காவல் படை 1932இலும் 1937இலும் ஷாங்காயில் ஜப்பானியரோடு மோதியது. 1937இல் சூச்சோ ஓடைக் கரையில் சுன் படுகாயம் அடைந்தார். ஹாங்காங்குக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். படை சிதைந்தது. எஞ்சியவர்களை வேறு படைகள் விழுங்கிக்கொண்டன. குணமாகி வந்தவர் 1938இல் சாங்ஷாவில் புதிதாக ஆள் சேர்க்கத் தொடங்கி, பிறகு குய்சோ மாகாணத்தில் துயுன் என்ற மலையூரில் பயிற்சி கொடுத்தார். உடற்பயிற்சி, குறிபார்த்துச் சுடுதல், மறுபடி குறிபார்த்துச் சுடுதல். 1941 கடைசியில் அந்தப் படையின் ஒரு பகுதிக்கு ராணுவ எண் கிடைத்தது. புதிய 38ஆம் டிவிஷன்: 112, 113, 114 என மூன்று ரெஜிமென்ட்.

கேள்வி கேட்டவரே, அந்த ஊரைக் குறித்துக்கொள்ளுங்கள். ராம்கருக்கு முன்னால் துயுன்.

பிப்ரவரி 9, பின்னிரவு

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் எழுதாமல் தூக்கம் வராது. சுன் நல்ல கூடைப்பந்தாட்டக்காரர். 1921இல் ஷாங்காயில் நடந்த தூரகிழக்கு விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற சீன அணியில் ஆடியவர்.

பிப்ரவரி 10

"அப்படியானால் இது சலுகை பெற்ற படை, சாதாரணச் சீனக் காலாட்படைக்கு இதை உதாரணமாகக் காட்டக் கூடாது" என்கிறார் தொடங்கியவர்.

இதை யோசித்தேன். பாதி சரி. சாதாரணச் சீன டிவிஷனில் கட்டாயப்படுத்திக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தவர்கள், முகாம் சேருவதற்கு முன்பே நோயிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். சம்பளம் தளபதி கைக்கு மொத்தமாகப் போகும். செத்தவன், ஓடினவன் பெயரிலும் போகும். அந்தக் கடலில் சுன்னின் படை ஒரு தீவு.

ஆனால் என் வாதம் இதனால் விழவில்லை, கூர்மையாகிறது. அதே நாட்டு ஆள், அதே குய்சோ, ஹுனான் கிராமத்துப் பையன். சோறும் சம்பளமும் ஒழுங்காக வந்து, சுடப் பழக்கினால் அவன் நின்று சண்டை போடுகிறான். குறை சிப்பாயிடம் இல்லை, அவன் சோற்றில் கை வைத்தவர்களிடம். தொடக்கக் கேள்வி சிப்பாயைக் குற்றவாளி ஆக்குகிறது. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

பிப்ரவரி 13

"ஓடியது" பற்றி. 1942 மே மாதம் எல்லாரும்தான் ஓடினார்கள். பிரிட்டிஷாரும் ஓடினார்கள், பர்மாவில் சீனப் படைகளுக்குத் தலைமை தாங்கிய அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லும் காட்டு வழியாக நடந்துதான் இம்பால் வந்து சேர்ந்தார். கேள்வி, எப்படி ஓடினார்கள் என்பது.

சீனப் படைகளுக்குக் களத்தில் பொறுப்பாக இருந்த டு யூமிங், வடக்கே போய் சீனாவுக்குத் திரும்பச் சொன்னார். அந்த உத்தரவுப்படி போன படைகள் மழைக்காலத்தில் வட பர்மாவின் ஹுகாங் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் மாட்டின. பசி, மலேரியா, அட்டை, வெள்ளம். ஆயிரக்கணக்கானோர் ஒரு குண்டும் படாமல் செத்தார்கள். 200ஆம் டிவிஷனின் தலைவர் டாய் அன்லான் வழியில் காயம்பட்டு மே 26 அன்று இறந்தார். டு யூமிங்கே கடைசியில் புதிய 22ஆம் டிவிஷனோடு அசாமின் லேடோ பக்கம்தான் வெளியே வந்தார்.

சுன் அந்த உத்தரவை மதிக்கவில்லை. மேற்கே திரும்பி, சிந்வின் ஆற்றைத் தாண்டி, இம்பாலுக்கு நடத்திக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் காவலாகப் பின்னால் நின்றது அதே 113ஆம் ரெஜிமென்ட். துப்பாக்கிகளோடு, அணி குலையாமல் மே மாதக் கடைசியில் டிவிஷன் இந்தியாவுக்குள் வந்தது. ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னார்கள் என்றும் சுன் மறுத்துவிட்டார் என்றும் சீனத் தரப்பு நூல்கள் சொல்கின்றன.

எங்கள் தாத்தா அந்த மே மாதத்தில்தான் தமு வழியாக இம்பால் வந்தார். பெகுவில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தவர். மோனிவா, கலேவா, தமு, பலேல் என்று வரிசையாக ஊர் பெயர் சொல்லுவார். வழியில் யார் யார் செத்தார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். லட்சக்கணக்கான இந்தியர் அந்த ஆண்டு பர்மாவை விட்டு இப்படி வெளியேறினார்கள், தமிழர் அதில் பெருங்கூட்டம். சீனப் படையை அவர் பார்த்ததில்லை. அவர்கள் இறங்கியது இன்னும் வடக்கே. ஆனால் அந்த மலையும் மழையும் காலராவும் என்ன என்று அவர் வழியாகத்தான் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, அந்த வழியாக ஒரு டிவிஷனைக் குலையாமல் கூட்டிவந்தது சின்ன விஷயமாகத் தெரியாது. "ஓடியது மட்டும்தான் மிச்சம்" என்று எழுதவும் கை வராது.

பிப்ரவரி 14

"மேலதிகாரியின் உத்தரவை மீறினாரே, அது ஒழுங்கா?" என்று சிலர். மீறினார். டிவிஷன் பிழைத்தது. டு யூமிங் அதை மறக்கவில்லை. இருவரும் மஞ்சூரியாவில் மறுபடி ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

பிப்ரவரி 19

ராம்கர்.

வேலை நிமித்தம் ராஞ்சியில் இருந்த காலத்தில் அங்கே போனேன். இன்று ஜார்க்கண்ட், அன்று பீகார். 1940 மார்ச்சில் மௌலானா ஆசாத் தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்த அதே ராம்கர். சீனர் வருவதற்கு முன் அந்த முகாமில் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகளை வைத்திருந்தார்கள். 1942 பிற்பகுதியில் 38ஆம், 22ஆம் டிவிஷன்களின் எஞ்சியவர்கள் வந்தார்கள். பிறகு குன்மிங்கிலிருந்து இமயமலைக்கு மேலாக ஆட்கள் பறந்து வந்தார்கள். சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன விமானங்கள் காலியாகத் திரும்பக் கூடாது என்று அதில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் முகாமில் 30,000 பேருக்கு மேல்.

ஏற்பாடு மூன்று நாட்டுடையது. ஆள் சீனா. ஆயுதமும் பயிற்சியும் அமெரிக்கா. இடம், சாப்பாடு, ரூபாயில் சம்பளம் பிரிட்டிஷ் இந்தியா. வந்தவர்களில் பலருக்கு மலேரியா, சொறி, கண்நோய். முதலில் மருந்து, பிறகு சோறு, அதன் பிறகுதான் துப்பாக்கி. சில மாதத்தில் உடம்பு தேறி அடையாளமே மாறிப்போனார்கள் என்று அங்கிருந்த அமெரிக்கர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஊருக்குச் சற்று வெளியே ஒரு சீனக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நடுவே உயரமான தூண், சீன எழுத்து. வரிசை வரிசையாக மேடுகள். அவர்கள் போர்க்களத்தில் செத்தவர்கள் அல்லர், பயிற்சி முகாமிலேயே போனவர்கள். நான் போனபோது அங்கே வேறு ஒருவரும் இல்லை. பெயரைப் படிக்கத் தெரியவில்லையே என்று அன்று எனக்கு இருந்த தவிப்பில்தான் இந்தப் படையைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பிப்ரவரி 20

சம்பளம் பற்றி நேற்று அவசரமாகத் தாண்டிவிட்டேன். அது தனியாக எழுத வேண்டியது.

ஸ்டில்வெல் ராம்கரில் வைத்த மிக முக்கியமான விதி, சம்பளம் சிப்பாயின் கையில் நேரே போக வேண்டும், அமெரிக்க அதிகாரி பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது. அங்கே அனுப்பப்பட்ட முதல் சீனத் தளபதி லோ ஜுவோயிங், வழக்கப்படி மொத்தமாகத் தன்னிடம் தரச் சொன்னார். ஸ்டில்வெல் சம்மதிக்கவில்லை. கடைசியில் லோ போனார், ஜெங் டோங்குவோ வந்தார். இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள்.

தொடங்கியவருக்கு நான் விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் இதுதான். 22ஆம், 30ஆம் டிவிஷன்கள் ராம்கரில்தான் புதுப்பிறவி எடுத்தன. 38ஐப் பொறுத்தவரை ராம்கர் கொடுத்தது ஆயுதம்: பிரென் துப்பாக்கி, தாம்சன், 60 மில்லி மோர்ட்டார், 75 மில்லி மலைப் பீரங்கி. பழக்கம் துயுனிலிருந்து வந்தது.

பிப்ரவரி 27

இந்தப் படை ஓர் ஆலமரத்தடியில் போட்ட சண்டையின் கதையைச் சிலர் கேட்டிருந்தார்கள்.

1942 டிசம்பரில் லேடோவிலிருந்து சாலை போடத் தொடங்கினார்கள், பர்மா வழியாகச் சீனாவைத் தொடுவதற்கு. முதலில் 114ஆம் ரெஜிமென்ட் நாகா மலையில் காவல் நின்றது. 1943 அக்டோபர் கடைசியில் 112ஆம் ரெஜிமென்ட் ஹுகாங் பள்ளத்தாக்கில் இறங்கியது. எதிரே சில புறக்காவல்தான் இருக்கிறது என்று மேலிடம் நம்பியது. இருந்ததோ ஜப்பானின் 18ஆம் டிவிஷன், சிங்கப்பூரைப் பிடித்த படைகளில் ஒன்று. தலைவர் டனாகா ஷினிச்சி.

யுப்பாங் கா என்ற இடத்தில் 112இன் முதல் பட்டாலியன் சுற்றிவளைக்கப்பட்டது. உள்ளே ஒரு பெரிய ஆலமரம். விழுதுகள் இறங்கிக் காடு மாதிரி பரந்தது. பட்டாலியன் தலைவர் லீ கேஜி அதையே கோட்டையாக்கிக்கொண்டார். கிளைகளுக்கு மேலே இயந்திரத் துப்பாக்கி, அடியே பதுங்குகுழி. சாப்பாடும் தோட்டாவும் விமானத்திலிருந்து விழுந்தன. தண்ணீருக்குக் கொடியையும் வாழைத் தண்டையும் வெட்டிப் பிழிந்தார்கள். வெளியே எவ்வளவு பேர் என்று சொல்லியும் பின்னால் இருந்த அமெரிக்க ஜெனரல் போட்னர் முதலில் நம்பவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் இப்படியே போயிற்று. கெய்ரோ மாநாடு முடிந்து ஸ்டில்வெல் டிசம்பர் 21இல் நேரே களத்துக்கு வந்தார். 24ஆம் தேதி 114ஆம் ரெஜிமென்ட் தாக்கி வளையத்தை உடைத்தது.

ஜப்பானியர் அதுவரை சீனரை எண்ணிக்கையில் பாதி இருந்தாலே விரட்டலாம் என்ற நினைப்பில் இருந்தவர்கள். அந்த மரத்தடியில் அந்தக் கணக்கு முடிந்தது.

மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த அந்த இயந்திரத் துப்பாக்கிக்காரர்களில் ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தப் படையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஜெனரல்களின் பெயர்தான் குவிகிறது. நானும் இங்கே அதைத்தான் செய்கிறேன், வேறு வழி தெரியாமல்.

மார்ச் 1

யெனங்யாவுங் சண்டையைப் பிடித்துக்கொண்டு இன்னும் வாதாடுபவர்கள் மொகாவுங்கையும் பார்க்க வேண்டும். அங்கே கதை தலைகீழ்.

1944 ஜூனில் சிண்டிட் படையின் (ஜப்பானியருக்குப் பின்னால் புகுந்து சண்டை போட்ட பிரிட்டிஷ் படை) 77ஆம் பிரிகேட், கால்வர்ட் தலைமையில், வட பர்மாவின் மொகாவுங்கை வாரக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தது. நோயும் சாவுமாக ஆள் கரைந்துபோய் நின்றது. பிறகு 114ஆம் ரெஜிமென்ட் வந்து சேர்ந்தது, தலைவர் லீ ஹோங். 26ஆம் தேதி ஊர் விழுந்தது. வானொலி, சீனர் பிடித்தார்கள் என்று அறிவித்தது. கால்வர்ட் கொதித்துப்போனார், நியாயமாகவே. அதிகமாக ரத்தம் சிந்தியது அவர் ஆட்கள். ஆனால் 114 வராமல் அந்த மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு முடித்திருக்க முடியுமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரண்டு இடத்திலும் இரண்டு படையும் தேவைப்பட்டன.

மார்ச் 2

நடுவில் நடந்தவை, வேகமாக. 1944 மே கடைசியில் 112ஆம் ரெஜிமென்ட் மலை சுற்றி வந்து காமைங்குக்குத் தெற்கே சாலையை அறுத்தது. ஜப்பானியக் கிடங்குகள் மொத்தமாகச் சிக்கின. என் கணக்கில் டிவிஷனின் மிகக் கெட்டிக்காரத்தனமான காரியம் இதுதான், பேர் என்னவோ ஆலமரத்துக்கு. ஜூன் 16 காமைங். ஆகஸ்ட் 3 மிச்சினா, அது வேறு படைகளின் வேலை. பிறகு சுன் டிவிஷனுக்கு மேலான புதிய 1ஆம் சேனையின் தலைவரானார், டிவிஷன் லீ ஹோங் கைக்கு வந்தது. டிசம்பர் 15 பாமோ. 1945 ஜனவரி 27இல் இந்தியாவிலிருந்து வந்தவர்களும் யுன்னானிலிருந்து வந்தவர்களும் கைகோத்தார்கள். மார்ச் 7 லாஷியோ. அதோடு பர்மாவில் 38இன் பெரிய வேலை முடிந்தது.

செப்டம்பரில் புதிய 1ஆம் சேனை குவாங்சோவில் ஜப்பானியரின் சரணாகதியை வாங்கியது. பர்மாவில் இறந்தவர்களுக்கு சுன் அங்கே ஒரு பெரிய நினைவுக் கல்லறை கட்டினார். பிற்காலத்தில் அந்த நிலத்தில் கட்டடங்கள் ஏறிவிட்டன.

மார்ச் 9

இத்தோடு நிறுத்தச் சொல்கிறார் ஒருவர். "வெற்றியில் முடிந்ததே போதும்." பெரும்பாலான கட்டுரைகள் லாஷியோவில்தான் நிற்கின்றன. நான் நிறுத்த மாட்டேன். அதே ஆட்கள்தானே.

1946 தொடக்கத்தில் அமெரிக்கக் கப்பல்கள் புதிய 1ஆம் சேனையை மஞ்சூரியாவுக்கு ஏற்றிப் போயின. ஜப்பானியரைச் சுட வாங்கிய துப்பாக்கி இப்போது உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுச் சீனரை நோக்கி. சிபிங்கில் கம்யூனிஸ்டுத் தளபதி லின் பியாவோவின் படையைத் தள்ளிக்கொண்டு மே மாதம் சாங்சுனுக்குள் நுழைந்தார்கள். மேலே டு யூமிங். சுன்னுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, 1947இல் சுன்னைக் கழற்றித் தைவானுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்பினார்கள். சேனையைப் பிரித்துப் புதிய 38ஐப் புதிய 7ஆம் சேனையில் போட்டார்கள். தலைவர் லீ ஹோங். 1948இல் சாங்சுன் நகரம் முழுவதற்கும் தளபதி யார்? ராம்கருக்கு வந்த ஜெங் டோங்குவோ.

மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை கம்யூனிஸ்டுப் படை நகரைச் சுற்றி அடைத்தது. சோறு உள்ளே போக விடவில்லை. பொதுமக்களை உள்ளே இருந்த சேனை வெளியே தள்ளியது. முற்றுகைக்காரர்கள் அவர்களைத் தாண்ட விடவில்லை. இரண்டு வரிசைக்கும் நடுவே மக்கள் புல்லையும் மரப்பட்டையையும் தின்று செத்தார்கள். எண்ணிக்கையில் இன்றும் தகராறு. லட்சத்தைத் தாண்டும் என்பது பல கணிப்புகள். விமானத்தில் விழுந்த அரிசியில் நல்ல பங்கு புதிய 7ஆம் சேனைக்குப் போனது என்று கூட இருந்த யுன்னான்காரர்களின் 60ஆம் சேனைக்குத் தீராத வயிற்றெரிச்சல். அக்டோபர் 17இல் அந்த 60ஆம் சேனை அணி மாறியது. 19இல் புதிய 7ஆம் சேனை ஆயுதத்தைக் கீழே வைத்தது. 21இல் ஜெங் டோங்குவோ.

புதிய 38ஆம் டிவிஷனின் முடிவு அதுதான்.

மார்ச் 12

சாங்சுனை எழுதிய பிறகு மனசு சரியில்லை. 1943இல் வானத்திலிருந்து விழுந்த அரிசியை வைத்து அந்த மரத்தடியில் தாக்குப்பிடித்த படை. 1948இல் அதே மாதிரி விழுந்த அரிசியைத் தின்றுகொண்டு, கண்ணெதிரே ஊரே சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாவதைப் போற்றி எழுதினால் இரண்டாவதையும் எழுதியாக வேண்டும். பிப்ரவரி 10இல் நான் எழுதியதோடு இது எங்கே பொருந்துகிறது என்று கேட்டால், பொருந்துகிறது: சிப்பாய் எதற்காக நிற்கிறான் என்பதை அவன் தீர்மானிக்கவில்லை. ஆனால் செத்த மக்களிடம் இதைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. அந்த முற்றுகையை வைத்தவர்கள், மக்களை வெளியே தள்ளியவர்கள், நகரை விடாதே என்று தொலைவிலிருந்து தந்தி அடித்தவர்கள், மூன்று தரப்புக்கும் இதில் பங்கு உண்டு. என் வரிசையில் சிப்பாய் கடைசியில் வருகிறான், ஆனால் வரிசையில் இருக்கிறான்.

மார்ச் 20

"அதிகாரிகள் என்ன ஆனார்கள்?"

லீ ஹோங் சரணடைந்த நேரத்தில் நோயில் படுத்திருந்தார். பிறகு விடுபட்டு, பழைய தலைவர் சுன் கூப்பிட்டார் என்று 1950இல், தோற்ற சியாங் அரசு ஒதுங்கியிருந்த தைவானுக்குப் போனார், தோழர்கள் சிலரோடு. போன சில மாதத்தில் கைது. கம்யூனிஸ்டுகள் அனுப்பிய ஆட்கள் என்று குற்றச்சாட்டு. 25 ஆண்டு சிறை, 1975இல்தான் வெளியே வந்தார். மொகாவுங்கிலும் பாமோவிலும் லாஷியோவிலும் படை நடத்தியவர்.

சுன் தைவானில் தரைப்படைத் தலைமைத் தளபதி வரை உயர்ந்தார். 1955இல் அவரிடம் வேலை பார்த்த அதிகாரி ஒருவரை உளவாளி என்று பிடித்து, சுன்னையும் வீட்டுக்காவலில் வைத்தார்கள். தைச்சுங்கில் 33 ஆண்டு. தோட்டத்தில் ரோஜா வளர்த்தார் என்கிறார்கள். 1988இல் விடுதலை, 1990 நவம்பரில் மரணம். இறுதி ஊர்வலத்துக்குப் பழைய சிப்பாய்கள் திரண்டு வந்தார்கள்.

சீனாவிலிருந்து போனவர்களைத் தைவான் சிறையில் போட்டது. மறு பக்கம், கம்யூனிஸ்டுச் சீனாவில் அவர்கள் பர்மாவில் செய்ததைப் பல காலம் பேசவே விடவில்லை, தோற்ற கட்சியின் படை என்பதால். இரண்டு அரசும் இந்த ஆட்களுக்கு அநியாயம் செய்தன.

ஏப்ரல் 4

கடைசியாகக் கேட்டவருக்கு: கொரியாவில் அமெரிக்கரோடு சண்டை போட்டுப் பேர் வாங்கிய 38ஆம் சேனைக்கும் இந்த டிவிஷனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எண் மட்டும்தான் ஒன்று. அது லின் பியாவோவின் 1ஆம் அணியிலிருந்து 1948 நவம்பரில் அந்தப் பெயர் பெற்றது. மஞ்சூரியாவில் இவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்ற படை. சாங்சுனில் அணி மாறிய 60ஆம் சேனை 50ஆம் சேனை என்ற புதுப் பெயரில் கொரியாவுக்குப் போனது. புதிய 38இன் சிப்பாய்களில் பலர் தனித்தனியாகச் செம்படைக்குள் கரைந்தார்கள். அதனால் "இன்று இந்த டிவிஷன் எந்தப் படையாக இருக்கிறது" என்ற கேள்விக்குப் பதில், எதுவாகவும் இல்லை.

ராம்கர் கல்லறைக்கு வழி கேட்டிருந்தவர் ராஞ்சியிலிருந்து பேருந்தில் ராம்கர் கன்டோன்மென்ட் போய் இறங்கி, ஆட்டோக்காரரிடம் சைனா கப்ரிஸ்தான் என்று கேளுங்கள். சீன எழுத்து படிக்கத் தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.